பல் போனால் சொல் மட்டும்தானா போகும்?

பல் போனால் சொல் போகும் என்பது நம் முன்னோர் கண்டறிந்து சொன்ன மொழி. முன்பற்களை இழந்தவர் சில எழுத்துகளை ஒலிக்கப் படும் பாட்டைக் கண்டவர்க்கு அம்மொழியின் உண்மை விளங்கும். ஆயினும் பல்லோடு போவது சொல் மட்டுமன்று. உண்ணும் உணவின் வகை சுருங்குகிறது. கன்னம் ஒட்டி முகத்தின் வடிவம் மாறுகிறது. நால்வர் கூடும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கவும், ஆலயத்தில் குரலெடுத்துப் பாடவும் மனம் கூசுகிறது.

கிறிஸ்து பிறப்பு விழாவன்று நம் இல்லங்களில் நடைபெறும் விருந்தைச் சற்று உற்று நோக்குங்கள். எல்லார்க்கும் இறைச்சிக் குழம்பை அள்ளிப் பரிமாறும் தாய், தமக்கு மட்டும் இரசம் ஊற்றிக் குழைத்த சோற்றை எடுத்துக்கொள்வார். கேட்டால், "எனக்கு இறைச்சி இப்போதெல்லாம் பிடிப்பதில்லை" என்பார். உண்மையில் அவருக்குப் பிடிக்காமல் போனது இறைச்சியன்று. மென்று விழுங்க இயலாமல் போயிற்று. அதை வாய்திறந்து சொன்னால் பிள்ளைகளுக்குச் செலவு வைத்ததாகுமே என்று மறைத்துக்கொள்ளும் பெற்றோர் நம் பங்குகளில் எத்தனையோ பேர்.

பல பற்களை இழந்தவர்க்கு இன்று கிடைக்கும் சிகிச்சைகளுள் ஒன்று, தாடையெலும்பில் செயற்கை வேர்களை ஊன்றி, அவற்றின்மேல் நிலையான பற்பாலம் அமைப்பது. 'இம்பிளான்ட்' என்று மக்கள் வழக்கில் வழங்கும் இம்முறையைப் பற்றிய விளம்பரங்களை நகரெங்கும் காண்கிறோம். சிலர் அவற்றை நம்பிக் கடன்பட்டுச் செய்துகொள்கின்றனர். சிலர் அது செல்வர்க்குரிய ஆடம்பரம் என்று எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் அறியாமையால் விளைவனவே. அது என்ன, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதைக் குடும்பத்தார் தெரிந்துகொண்டு, கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பல் விழுந்த இடத்தில் நடப்பது என்ன?

தாடையெலும்பு பல்லுக்காகவே வளர்ந்து, பல்லாலேயே வலிமை பெறுகிறது. நாம் மெல்லும்போதெல்லாம் பல்லின் வேர் எலும்பைச் சிறிது அழுத்துகிறது. அவ்வழுத்தமே எலும்புக்கு உயிரூட்டம். பல் நீங்கியவுடன் அவ்விடத்து எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலையற்ற எலும்பு கரையத் தொடங்குகிறது. பல் எடுத்த முதல் ஓராண்டிற்குள்ளாகவே அவ்விடத்து எலும்பின் அகலம் பாதியளவு வரை குறைந்துவிடக்கூடும். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே குறைந்துபோகிறது.

அண்டை அயலிலும் குழப்பம் நேர்கிறது. வெற்றிடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன. எதிர்த் தாடையிலுள்ள பல், தன்னைத் தாங்குவார் இல்லாமையால் மெல்ல மெல்ல நீண்டு இறங்குகிறது. இடைவெளிகளில் உணவு சிக்குகிறது, சொத்தை உண்டாகிறது, ஈறு வீங்குகிறது. ஒரு பக்கத்துப் பற்கள் போனதால் மறுபக்கத்திலேயே மெல்லப் பழகியவர்க்கு அப்பக்கத்துப் பற்களும் விரைவில் தேய்கின்றன. ஒரு பல் விழுந்ததை அசட்டை செய்தவர் சில ஆண்டுகளில் நான்கு பற்களை இழந்து நிற்பது இவ்வாறுதான்.

உணவின் கதையும் இத்தகையதே. மெல்ல இயலாதவர் முதலில் விடுவது கடலை, பயறு, கீரைத் தண்டு, பச்சைக் காய், கனி, இறைச்சி ஆகியவற்றை. எஞ்சுவது குழைந்த சோறும், காப்பியில் தோய்த்த ரொட்டியும். நீரிழிவு நோயுள்ள முதியவர்க்கு இவ்வுணவு எத்தகைய தீங்கு விளைவிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று வழிகள்

இழந்த பற்களுக்கு ஈடு செய்ய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கழற்றி மாட்டும் பல் செட். செலவு குறைவு, அறுவை இல்லை, சில வாரங்களில் கிடைத்துவிடும். ஆயினும் அது ஈற்றின்மேல் அமர்வதால் அடியிலுள்ள எலும்பு கரைவதைத் தடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துபோகும். எல்லாப் பற்களையும் இழந்து முழுச் செட் அணிந்தவரின் கடிக்கும் வலிமை, சொந்தப் பற்கள் உள்ளவரின் வலிமையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. இருப்பினும் நன்கு பொருந்தும்படி செய்த செட்டைக் கொண்டு பல ஆண்டுகள் நலமாக உண்டு வாழ்பவர் பலர் உண்டு. அதனை இழிவாகக் கருதுதல் தவறு.

இரண்டாவது, இயற்கைப் பற்களின்மேல் கட்டும் நிலையான பாலம். இழந்த பல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள பற்களைச் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் 'கேப்' பொருத்தி, இடையில் பொய்ப்பல்லைத் தொங்கவிடுவர். ஆற்றின் இரு கரைகளிலும் தூண் எழுப்பிப் பாலம் போடுவது போன்றது இது. இங்கே தூண்களாவன நம் சொந்தப் பற்கள். நோயற்ற நல்ல பற்களையும் அராவ வேண்டியிருப்பது இதன் குறை. மேலும், ஒரு பல் போன இடத்தில் இரு தூண்கள் ஒரு பல்லின் சுமையைத் தாங்கும். மூன்று, நான்கு பற்கள் போன இடத்தில் அத்தனை சுமையையும் அவை நெடுநாள் தாங்குமா என்பது ஐயம். கடைசிக் கடைவாய்ப் பற்களே போயிருந்தால், பின்பக்கத்தில் தூணாக நிற்கப் பல்லே இராது. கரை ஒன்று இல்லாத ஆற்றில் பாலம் கட்டுவது எங்ஙனம்?

மூன்றாவது வழி, தூண்களையே புதிதாக நடுவது. தாடையெலும்பில் டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான வேர்களை ஊன்றி, அவற்றின்மேல் பாலத்தைப் பொருத்துவர். இழந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வேர் என்று நட வேண்டியதில்லை. அடுத்தடுத்து மூன்று பற்கள் போயிருந்தால் இரு முனைகளிலும் இரு வேர்கள் போதும். நடுப்பல் அவற்றிடையே தாங்கப்பெறும். ஒரு தாடையின் பற்கள் முழுவதும் போனவர்க்கு நான்கு முதல் ஆறு வேர்களின்மேல் முழு வரிசையையும் அமைப்பதுண்டு. அண்டைப் பற்களைத் தொடத் தேவையில்லை. மெல்லும் அழுத்தம் மீண்டும் எலும்பைச் சென்றடைவதால் அவ்விடத்து எலும்பு கரைவதும் பெரிதும் தணிகிறது.

முயலின் எலும்பு கற்பித்த பாடம்

இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடியோர் பண்டைக் காலந்தொட்டே உள்ளனர். இத்தாலி நாட்டில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு ஆறேழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொன் பட்டைகளால் பற்களைப் பிணைத்துப் பாலம் செய்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789ஆம் ஆண்டு பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. தந்தம், மனிதப் பற்கள், உலோகம் ஆகியவற்றால் செய்த செட்டுகளை அணிந்து அவர் பட்ட துன்பம் வரலாற்றில் பதிவாகியுள்ளது. நாடாண்டவருக்கும் நல்ல பல் கிட்டாத காலம் அது.

பலர் பலவகை உலோகங்களை எலும்பில் பதித்துப் பார்த்தனர். உடல் அவற்றை அயலாரென்று கண்டு, சுற்றிலும் மென்தசையைப் போர்த்தி, நாளடைவில் வெளியே தள்ளிற்று. இந்நிலையில் 1950களில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவ அறிஞர் ஓர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவர் ஆராய்ந்தது பற்களையன்று. எலும்பின் உள்ளே குருதி எவ்வாறு ஓடுகிறது என்று காண்பதற்காக, முயலின் காலெலும்பில் டைட்டேனியத்தாலான சிறு கருவியொன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்தபின் அக்கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைத் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொண்டிருந்தது.

தொல்லை என்று எண்ணத்தக்க அந்நிகழ்ச்சியில் ஓர் அரிய உண்மை ஒளிந்திருப்பதை அவர் உணர்ந்தார். பின்னர் கோதன்பர்க் நகரில் பல ஆண்டுகள் விலங்குகளிடம் ஆய்ந்தபின், 1965ஆம் ஆண்டு யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டேனியம் வேர்களைப் பதித்தார். பிறவியிலேயே தாடை அமைப்பில் குறைபாடுடையவராய், மெல்லவும் பேசவும் துன்புற்றவர் லார்சன். அவ்வேர்கள் அவர் 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குப் பயன்பட்டன.

பிரோனமார்க்கின் கூற்றை முதலில் அவர் நாட்டு அறிஞர்களே ஏற்கவில்லை. பல ஆண்டுகள் எதிர்ப்பையும் ஏளனத்தையும் பொறுத்து, நோயாளிகளின் நிலையை ஆண்டுதோறும் குறித்துவைத்துக் காத்திருந்தார். 1982ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரான்டோ நகரில் நடந்த மாநாட்டிற்குப் பின்னரே உலகப் பல் மருத்துவர்கள் இம்முறையைப் பரவலாக ஏற்றனர். அவர் 2014ஆம் ஆண்டில் காலமானார்.

பாலம் அமையும் விதம்

நம் பங்கு உபதேசியார் ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். வயது அறுபத்திரண்டு. கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் கடைசி மூன்று பற்கள் இல்லை. பின்னால் தூணாகப் பல் இல்லாமையால் சாதாரணப் பாலம் போட இயலாது. செட் போட்டுப் பார்த்தார். செபமாலை சொல்லும்போது அது ஆடுகிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். இவருக்கு மருத்துவர் இரு வேர்களின்மேல் மூன்று பல் பாலம் அமைக்கலாம் என்கிறார் எனக் கொள்வோம். நடப்பவை இவை.

முதலில் ஆராய்தல். வாயிலுள்ள ஏனைய பற்களும் ஈறுகளும் நோயற்றிருக்க வேண்டும். தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரேயும், எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து காட்டும் ஸ்கேனும் எடுப்பர். கீழ்த்தாடையின் உள்ளே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று ஓடுகிறது. அதனைத் தொட்டால் உதடு மரத்துப்போகும். மேல்தாடையிலோ கடைவாய்ப் பற்களுக்கு மேலே காற்றறை ஒன்று உள்ளது. ஆகவே அளந்து பாராமல் துளையிடுதல் தகாது. இரத்தத்தில் சர்க்கரை அளவையும் இத்தருணத்தில் பார்த்துவிடுவர்.

இரண்டாவது, வேர் ஊன்றுதல். பல் பிடுங்குவதற்குப் போடுவது போன்ற மரத்துப்போகும் ஊசியே போதும். ஈற்றை விலக்கி, எலும்பில் சிறு துளையிட்டு, திருகாணி போன்ற வேரை முறுக்கி இறக்குவர். வேரின் தடிமன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். நீளம் 10 மில்லிமீட்டர் அளவு. துளையிடும்போது எலும்பு சூடேறிவிட்டால் அதன் உயிரணுக்கள் மடியும். 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே தீங்கு. அதனாலேயே மருத்துவர் குளிர்ந்த உப்புநீரை இடைவிடாது பாய்ச்சி, அவசரமின்றித் துளையிடுகிறார். பின்னர் சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும், மாத்திரையில் அடங்கும்.

மூன்றாவது, காத்திருத்தல். கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம். இக்காலத்தில்தான் எலும்பு உலோகத்தைத் தழுவிப் பிணைகிறது. கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் வேர்விடும் விதையைப் போல, வெளியே ஒன்றும் நிகழாதது போன்ற இக்காலமே சிகிச்சையின் உயிர்நாடி. 'ஒரே நாளில் பல்' என்னும் விளம்பரங்களைக் காண்கிறோம். எலும்பு மிக உறுதியாயிருந்து, வேர் இறுகப் பிடித்திருந்தால் சிலருக்கு உடனே தற்காலிகப் பல் பொருத்துவதுண்டு. எல்லார்க்கும் அது பொருந்தாது.

நான்காவது, பாலம் பொருத்துதல். ஈற்றின்மேல் தலைகாட்டும் வேர்களில் சிறு தூண்களைத் திருகி, அச்சு எடுத்து, பீங்கானிலோ சிர்கோனியாவிலோ பாலத்தைச் செய்வர். அதனைத் திருகாணியால் இறுக்குவதும் உண்டு. பசையால் ஒட்டுவதும் உண்டு. வேர்களின்மேல் பாலம் சிறிதும் நெருக்கடியின்றி அமர வேண்டும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை போன்ற நார்ப்படலம் ஒன்று இருப்பதால், கடிக்கும்போது பல் இம்மியளவு அசைந்து கொடுக்கும். செயற்கை வேருக்கு அம்மெத்தை இல்லை. எனவே பொருத்தத்தில் சிறு பிழை இருப்பினும் சுமை முழுவதும் எலும்பின்மீதும் திருகாணியின்மீதும் விழும். அசையும் பல்லையும் அசையா வேரையும் ஒரே பாலத்தில் பிணைப்பதைப் பெரும்பாலான மருத்துவர் தவிர்ப்பதும் இதனாலேயே.

யார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்?

முதுமை ஒரு தடையன்று. எழுபது, எண்பது வயதினரும் உடல்நலம் தகுதியாயிருந்தால் செய்துகொள்கின்றனர். இளமைதான் தடை. இருசக்கர வண்டி விபத்தில் முன்பற்களை இழந்த பள்ளிச் சிறுவனுக்கு உடனே வேர் ஊன்றலாகாது. தாடை வளர்ந்து முடியும்வரை தற்காலிகப் பல்லைக் கொண்டு காத்திருத்தல் வேண்டும். மகளுக்கு வரன் பார்க்கும் அவசரத்தில் பெற்றோர் மருத்துவரை நெருக்குவதும் நன்றன்று.

கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்க்குப் புண் ஆறுவது கடினம். வேர் பிடிக்காமல் போகலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தபின் செய்யலாம். பீடி, சிகரெட்டு புகைப்பவர்க்கும், வெற்றிலையோடு புகையிலை மெல்பவர்க்கும் தோல்வி மிகுதி. பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்புறம் இறுகி, இரு விரல் அளவுகூட வாய்திறக்க இயலாதவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பல்லினும் முந்திச் சிகிச்சை வேண்டுவது அந்நோய்க்கே. அது புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

எலும்புத் தேய்வுக்காக மாத்திரையோ ஆண்டுக்கொரு முறை ஊசியோ பெறும் பெண்மணிகள், அதனைப் பல் மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அம்மருந்துகளுள் சிலவற்றால் தாடைப் புண் ஆறாமல் போவதுண்டு. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும், செயற்கை இருதய வால்வு உடையவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். இரத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் பெருந்தீங்கு. இருதய மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

எலும்பு மிகக் கரைந்து போயிருந்தால், எலும்புத் தூள் இட்டு அவ்விடத்தை உயர்த்திப் பின்னர் வேர் ஊன்றுவர். அதற்குக் காலமும் செலவும் கூடும்.

நட்டால் போதாது, பேணவும் வேண்டும்

டைட்டேனியத்துக்குச் சொத்தை வாராது, உண்மை. ஆனால் அதனைச் சூழ்ந்துள்ள ஈறும் எலும்பும் நம்முடையவையே. அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கி, குருதி கசிந்து, எலும்பு கரைந்து, நன்றாக நின்ற வேரே ஆடத் தொடங்கும். வலி பெரும்பாலும் இராது என்பதே இந்நோயின் வஞ்சகம்.

காலையும் இரவும் மென்மையான தூரிகையால் துலக்குதல் வேண்டும். பாலத்தின் அடியிலும் வேர்களைச் சுற்றிலும் பல்லிடைத் தூரிகை என்னும் சிறு கருவியால் நாள்தோறும் தூய்மை செய்தல் வேண்டும். செங்கல் தூள், கரித் தூள், சாம்பல் ஆகியவை ஆகா. ஆண்டுக்கு இருமுறையேனும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நன்கு தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் இவ்வேர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டு கடந்தும் நிலைத்திருக்கின்றன. அப்பெருமை மருத்துவரின் கைக்கு உரியது பாதி; வீட்டில் துலக்கும் கைக்கு உரியது மறுபாதி. கைநடுக்கம் உள்ள முதியவர்க்குப் பிள்ளைகளோ மருமக்களோ இதில் உதவ வேண்டியிருக்கும். அவ்வுதவிக்கு ஆள் இல்லாத வீட்டில், எளிதில் கழற்றிக் கழுவும் செட்டே மேலானதாக அமைவதும் உண்டு.

செலவும் மனச்சான்றும்

மூன்று பல் பாலத்துக்கு இடத்தையும் பொருளையும் பொறுத்து ஐம்பதாயிரம் முதல் ஓரிலட்சம் ரூபாய்க்கு மேலும் செலவாகலாம். நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. இங்கேதான் இரு குரல்கள் வீட்டில் எழுகின்றன. "எனக்கெதற்கப்பா இந்தச் செலவு? இன்னும் எத்தனை நாள்?" என்கிறார் தந்தை. "ஊரார் என்ன சொல்வார்கள்? கடன் வாங்கியாவது செய்வோம்" என்கிறான் மகன். இரண்டிலும் அன்பு உண்டு. இரண்டிலும் சற்று நிதானம் வேண்டும்.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2288ஆம் எண்ணில், உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அரிய கொடைகள் என்றும், பிறர் தேவையையும் பொதுநலத்தையும் கருதி அவற்றைத் தக்க அளவில் பேண வேண்டும் என்றும் போதிக்கிறது. அடுத்த எண்ணில், உடலை வழிபடும் போக்கையும் கண்டிக்கிறது. நம் கேள்விக்கு இதனினும் தெளிவான வழிகாட்டி வேண்டியதில்லை. மெல்லவும் பேசவும் வேண்டிச் சிகிச்சை பெறுதல் ஆடம்பரமன்று. 'வயதாகிவிட்டது' என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்ளுதல் தவமுமன்று. அதுபோலவே, பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை விழுங்கும் வட்டிக் கடனில் அமைத்த பாலம், தந்தைக்கு உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் கசப்பாக்கும்.

ஆகவே முதலில் கேட்டறியுங்கள். எத்தனை வேர்கள்? ஏன் அத்தனை? வேறு வழி உண்டா? முழுச் செலவு எவ்வளவு. எலும்பு உயர்த்த வேண்டுமாயின் எவ்வளவு? வேர் பிடிக்காமற் போனால் யார் பொறுப்பு? பின்னர் பராமரிப்பு எங்கே? இவற்றுக்குப் பொறுமையாக விடை தரும் மருத்துவரை நாடுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், பிற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஊன்றிய வேரின் நிறுவனப் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்துத் திருகாணி ஒன்று தளர்ந்தால், அதற்கேற்ற உறுப்பைத் தேட அச்சிறு அட்டையே வழிகாட்டும்.

சில வினாக்களும் விடைகளும்

வினா: வேர் ஊன்றியபின் நற்கருணை வாங்கலாமா? மாத்திரை உண்டால் நற்கருணை நோன்பு முறியுமா?

விடை: தாராளமாக வாங்கலாம். நற்கருணைக்கு முந்திய ஒருமணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அந்நேரத்திற்குள் சிறிது உண்டிருப்பினும் வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 919 கூறுகிறது. அப்பத்தை உட்கொள்ளவே இயலாத நிலையில், திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் வழங்கவும் 925ஆம் சட்டம் இடமளிக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்னதாகச் சொல்லுங்கள்.

வினா: நற்கருணையில் பொய்ப்பல் படலாமா என்று எம் பாட்டி அஞ்சுகிறார்.

விடை: நற்கருணை பல்லில் படலாகாது என்று முற்காலத்தில் சிறுவர்க்கு மரியாதையின் பொருட்டுச் சொல்லிக்கொடுத்தனர். திருச்சபையில் அப்படியொரு சட்டம் இல்லை. அவர் அச்சமின்றி வாங்கலாம்.

வினா: தவக்காலத்தில் சிகிச்சை செய்தால் ஒருசந்தி என்னாவது?

விடை: ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிறைந்தவர்க்கு, அறுபதாம் வயது தொடங்கும்வரை உரியது. நோயுற்றோரை அது கட்டாது. காயம் ஆற நல்லுணவு தேவை. கூழும் பாலும் முட்டையும் உண்டு உடலைத் தேற்றுங்கள்; வேறொரு பிறரன்புச் செயலை அதற்கு ஈடாகச் செய்யலாம்.

வினா: எம் தந்தைக்கு எல்லாப் பற்களும் போய்விட்டன. முழு வரிசைக்கும் வசதி இல்லை. வேறு வழி உண்டா?

விடை: உண்டு. கீழ்த்தாடையில் இரண்டே வேர்களை ஊன்றி, அவற்றில் பொத்தான் போல் மாட்டிக்கொள்ளும் செட் ஒன்றை அமைக்கலாம். அது கழற்றக்கூடியது, ஆனால் ஆடாது. நிலையான பாலத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

முதியவளான ஒரு புனிதை

பல்நோயாளிகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுபவர் புனித அப்போலோனியா. எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் கி.பி. 249ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுந்த கலகத்தில், கும்பல் அவரது தாடையில் அடித்துப் பற்களையெல்லாம் உடைத்தது. கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லித் தீயை மூட்டி அச்சுறுத்தியபோது அவர் நெருப்பினுள் பாய்ந்து உயிர்நீத்தார். அவர் திருநாள் பெப்ருவரி 9.

ஓவியர்கள் அவரைக் குறட்டில் பல்லேந்திய இளநங்கையாகவே வரைவது வழக்கம். ஆனால் அவர் காலத்தில் வாழ்ந்த அலெக்சாந்திரிய ஆயர் தியோனீசியு எழுதிய மடலோ அவரை வயது முதிர்ந்த கன்னி என்றே குறிப்பிடுகிறது. பற்களை இழந்தபின்னும் தம் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட மூதாட்டி அவர். பல்லின் பாதுகாவலி ஒரு மூதாட்டி என்பதை நம் குடும்பங்கள் நினைவில் கொள்வது நன்று.

இன்றிரவு செபமாலை முடிந்து உணவுக்கு அமரும்போது உங்கள் இல்லத்து முதியவரின் தட்டைச் சற்றுப் பாருங்கள். அவர் எதை ஒதுக்குகிறார், எந்தப் பக்கத்தால் மெல்லுகிறார், எதைப் பிடிக்கவில்லை என்கிறார் என்று கவனியுங்கள். பாலமோ, செட்டோ, எதுவும் வேண்டாம் என்ற முடிவோ, அது பின்னர் ஆராயத்தக்கது. முதலில் அவரிடம், "மெல்ல முடிகிறதா அம்மா?" என்று கேளுங்கள். பல இல்லங்களில் அக்கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை.